கல்லூரி மதிலும் கற்றவர் உறவும்

விழாக்காலம் வாழ்த்துரைக்குங் காலம். விழா மலரைப் புரட்டுவோர் கல்லூரித் தாயின் புகழையே முதலில் எதிர்பார்ப்பர். அப்புகழுக்குக் குறைவில்லை. நம் கல்லூரியிற் கற்றோர் வைத்தியராயும் பொறியியலாளராயும் சட்டத்தரணிகளாயும் ஆசிரியராயும் இந்நாட்டிலும் கடல் கடந்த தேயங்களிலும் விளங்குகின்றனர். அவர்தம் பெருமையை இம்மலரின் வேறு பக்கங்கள் எடுத்துரைக்குமாதலின், யான் ஈண்டு வேறொரு பொருளை எடுத்துக்கொள்கின்றேன். அதற்குத் தூண்டுதலாயிருந்தவர் கல்லூரி வாயிலிலே என்னைக் கண்டு பேசிய ஒரு கமக்காரர்.

பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்து சென்ற பின்னர் அவர் மட்டும் தம் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். அவருடைய மகன் புலமைப்பரிசிற் பரீட்சையிலே சித்தியெய்தி நம் கல்லூரியிற் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. வகுப்பிலே முதல் மூவருள் ஒருவன். தந்தையார் சொன்னார்: “மாஸ்ரர், பெடியன் நல்லாப் படிக்கிறான். அதிலை எனக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் வீட்டுக்கு ஆர் வந்தாலும் அறைக்குள்ளை போயிடுறான். அவனும் நானும் கதைக்கிறதுக்கு ஒண்டும் இல்லாமற் போச்சு. இது படிப்பாலை வாறதோ, வயசாலை வாறதோ?”

“வயசாலை வாறதுதான் அண்ணை, கொஞ்சக் காலத்திலை மாறியிடும்” என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். சொன்ன விடை எனக்கே நிறைவு தரவில்லை. அன்று அவருக்குச் சொல்லாமல் விட்ட விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

வினாவின் எல்லை

பெருங்கல்லூரிக் கல்வி என்று ஈண்டு யான் குறிப்பது, பலருள்ளிருந்து தெரிந்தெடுக்கப்பெற்ற சிலருக்கு, பெயர் பெற்ற கல்லூரியொன்றில், உயர்ந்த பெறுபேற்றை நோக்கமாகக் கொண்டு வழங்கப்படுங் கல்வியாகும். அதன்மீது சாட்டப்படுங் குற்றங்கள் இரண்டு. தம்மைப் போன்றவரல்லாத பிறரோடு பழகும் ஆற்றலை அது மழுங்கச் செய்கின்றது என்பது ஒன்று. தாமே ஆராய்ந்து முடிவு காணுந் துணிவை அது வளர்ப்பதில்லை என்பது மற்றொன்று. இவற்றை முற்றும் ஏற்போரும் உளர். முற்றும் மறுப்போரும் உளர். எவ்வளவில், எக்காரணத்தால் இக்குறைகள் நேர்கின்றன என்று ஆராய்வதே பயனுடையது.

தமிழ் நூலோர் இவ்விரண்டையும் கல்வியின் உறுப்புக்களாகவே கொண்டனர். திருவள்ளுவர் ஒழுக்கமுடைமை என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, எத்துணை நூல் படித்தவனாயினும் உலகத்தவரோடு இயைந்து நடக்கும் வழி தெரியாதவன் அறிவற்றவனே என்று துணிந்து கூறுகின்றார். அறிவுடைமை என்னும் அதிகாரத்திலோ, சொல்லியவர் யாரென்று பாராது சொல்லப்பட்டதன் உண்மையைத் தேடிக் காண்பதே அறிவு என்கின்றார். ஆகவே, ஊரோடு உறவும் தன்சிந்தனையும் இல்லாத படிப்பைக் கல்வியென்று அழைக்க அவர் உடன்படார் என்பது தெளிவு.

அமைப்பு வந்த வழி

நம் கல்லூரிகளின் அமைப்பு இம்மண்ணில் முளைத்ததன்று. இங்கிலாந்து நாட்டிலே 1382இல் வின்செஸ்ரர் கல்லூரியும் 1440இல் ஈற்றன் கல்லூரியும் நிறுவப்பெற்றன. ஈற்றன் கல்லூரியை ஆறாம் ஹென்றி மன்னன் தொடங்கியது எழுபது ஏழை மாணவர்க்கு இலவசக் கல்வி அளித்தற் பொருட்டேயாம். காலப்போக்கிலே அங்கு செல்வர் மக்கள் நிறைந்தனர்; ஏழைக்கென எழுந்த கல்லூரி பிரபுக்களின் கல்லூரியாயிற்று. தெரிந்தெடுத்துக் கற்பிக்கும் நிறுவனங்கள் எத்திசையிற் சரிந்து செல்லக்கூடியவை என்பதற்கு இது முதற் சான்று.

றக்பி கல்லூரியில் 1828 முதல் 1841 வரை தலைமையாசிரியராயிருந்த தோமஸ் ஆணல்ட் என்பவர், மூத்த மாணவரிடம் பொறுப்பை ஒப்படைத்து இளையோரை ஆளச் செய்யும் முறையை வலுப்படுத்தினார். மாணவ முதல்வர், இல்லங்கள், விடுதிச்சாலை, துடுப்பாட்டம் ஆகிய யாவும் அங்கிருந்து பேரரசின் எல்லா மூலைகளுக்கும் பரவின. ஆளப் பிறந்தோரை ஆயத்தஞ் செய்வதே அவ்வமைப்பின் உட்கருத்து.

இலங்கையிலே 1833இல் நடைமுறைக்கு வந்த கோல்புறூக் – கமரன் குழுவின் பரிந்துரைகளையடுத்து, ஆங்கிலம் கற்ற சுதேசிகள் அரசாங்க உத்தியோகத்துக்கு வேண்டப்பட்டனர். 1835இல் தொடங்கிய கொழும்பு அக்கடமி 1881இல் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்றது. யாழ்ப்பாணத்திலே 1816இல் வந்திறங்கிய அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தாபித்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நம் பிள்ளைகள் தம் சமயத்தை இழவாமல் ஆங்கிலக் கல்வி பெறவேண்டும் என்ற நன்னோக்கத்தோடு இந்துக் கல்லூரிகள் எழுந்தன. காலைப் பிரார்த்தனை தேவாரமாயிற்று. எஞ்சிய அமைப்புப் பெரிதும் பழைய அச்சிலேயே வார்க்கப்பட்டது.

இவ்வச்சின் குறையை அக்காலத்திலேயே கண்டவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள். 1905இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கிய அவர், ஆங்கிலக் கல்வி பெற்ற தலைமுறை தன் நாட்டின் கலைக்கும் வழக்கத்துக்கும் அயலதாகிவிடுகின்றது என்று இடைவிடாது எடுத்துரைத்தார். அவர் தாமும் இங்கிலாந்திலே கற்றவர் என்பதை மறத்தலாகாது. இச்செய்திக்கு மீண்டும் வருவேன்.

பத்து வயதிலே பிரிப்பது

சுதந்திரத்துக்கு முந்திய ஆண்டுகளில் கல்வி மந்திரியாயிருந்த சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 ஒக்ரோபர் 1ஆந் திகதி முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமந்தோறுங் கிடக்கும் ஏழைப் பிள்ளைகளுள் ஆற்றல் மிக்கோரைத் தெரிந்து மத்திய கல்லூரிகளுக்கு அனுப்புதற்கே புலமைப்பரிசிற் பரீட்சை எழுந்தது. அஃது அடைத்த கதவைத் திறப்பதற்கு வைத்த திறவுகோல்.

இற்றைநாளில் அத்திறவுகோல் என்ன தொழில் செய்கின்றது? நாட்டிலே ஏறத்தாழப் பத்தாயிரம் அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. பெற்றோர் விரும்பித் தேடும் பெருங்கல்லூரிகளோ சில நூறேயாகும். ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று இலட்சம் சிறுவர் ஐந்தாந் தரத்திலே அப்பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். வெட்டுப்புள்ளிக்கு மேலே சிறுபான்மையினர் நிற்கின்றனர். பெரும்பான்மையினர் கீழே நிற்கின்றனர். பத்து வயதுப் பிள்ளை ஒன்று, “நான் சித்தி, எனது நண்பன் சித்தியில்லை” என்று அன்றே கற்றுக்கொள்கின்றது. நேற்றுவரை ஒரே வாங்கில் இருந்து ஒரே உணவுப் பொதியைப் பகிர்ந்துண்ட இருவர் அடுத்த தை மாதத்தில் வெவ்வேறு சீருடையில் வெவ்வேறு திசையிற் செல்கின்றனர். அதன்பின் அவர்கள் சந்திக்க நேர்ந்தாலும் பேசுவதற்குப் பொதுவான செய்தி ஒன்றும் இருப்பதில்லை.

1958இல் மைக்கல் யங் என்னும் ஆங்கிலேய சமூகவியலறிஞர், தகுதியினால் ஆளப்படும் சமுதாயம் ஒன்றைக் கற்பனை செய்து நூலொன்று எழுதினார். பிறப்பினால் உயர்ந்த பழைய பிரபு, தன் உயர்வு தற்செயலென்பதை உள்ளூர உணர்ந்திருந்தான். பரீட்சையினால் உயர்ந்த புதியவனோ தன் உயர்வு முழுதும் தன் திறமைக்கே உரியதென எண்ணுவான்; பின்தங்கியவனைக் கண்டு இரங்குதற்கும் அவனுக்குக் காரணந் தோன்றாது. இதுவே அந்நூலின் எச்சரிக்கை. எள்ளலாக அவர் எழுதியதை உலகம் பாராட்டாக எடுத்துக்கொண்டு தகுதியாட்சியைப் புகழ்ந்தது. அதனைக் கண்டு ஆசிரியர் தம் முதுமையில் வருந்தினார்.

உறவு குன்றுமாறு

நம் கல்லூரி மாணவன் ஒருவனின் நாளை எண்ணிப் பாருங்கள். காலை ஏழரை மணிக்கு வகுப்பு. ஒன்றரை மணிக்கு மணியடித்ததும் வீடு. உண்ட கையோடு தனியார் கல்வி நிலையம். இருட்டிய பின் வீட்டுப்பாடம். சனி ஞாயிறும் அவ்வாறே. இவ்வட்டத்தினுள் அவன் சந்திப்போர் யாவர்? அவனையொத்த வயதினர், அவனையொத்த புள்ளியினர், அவனுக்குப் பாடஞ் சொல்வோர். சந்தையில் விலை கேட்டு வாங்குதல், கோயிற் திருவிழாவிலே பந்தற்கால் நடுதல், நோயாளியைப் பார்க்கப் போதல், கிணறு இறைக்க வந்தவருக்குத் தேநீர் கொடுத்து நாலு வார்த்தை பேசுதல் ஆகியன யாவும் ‘படிக்கிற பிள்ளை’யிடமிருந்து விலக்கப்பட்டுவிடுகின்றன. விலக்குவோர் பெற்றோரே, அன்பினாலேயே விலக்குகின்றனர்.

இதனால் விளைவது யாது? பேச்சுப் போட்டி மேடையிலே ஐந்து நிமிடம் தடையின்றிப் பேசிப் பரிசு பெறும் மாணவன் சாவீட்டுக்குச் சென்றால் வாயடைத்து நிற்கின்றான். மேடைப் பேச்சுக்கு எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்கவேண்டுவதில்லை. துயருற்றவரோடு பேசுதற்கு அது வேண்டும்.

இக்குறை தனி மனிதனோடு நின்றுவிடுவதன்று. 1927ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்த டொனமூர் ஆணைக்குழுவின் முன்னர், நாட்டின் மிகச் சிறந்த கல்லூரிகளிற் பயின்ற தலைவர்களுட் பெரும்பாலோர் வாக்குரிமையை எல்லோருக்கும் வழங்குவதை விரும்பவில்லை. சொத்தும் கல்வியும் உடையோர்க்கே அது உரியதென்று வாதிட்டனர். யாவர்க்கும் வாக்குரிமை வேண்டுமென்று உறுதியாகக் கேட்டது ஏ. ஈ. குணசிங்க தலைமையிலான தொழிலாளர் இயக்கம். 1931இல் ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தபோது அது கற்ற தலைவர் பலரின் விருப்பத்துக்கு மாறாகவே வந்தது. அவர்கள் அறிவிற் குறைந்தவரல்லர், நாட்டுப்பற்று அற்றவருமல்லர். ஆயின், வண்டிக்காரனும் கூலிக்காரியும் நாட்டைப்பற்றி ஒரு கருத்து உடையராயிருப்பர் என்று எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு அவர்கள் கற்ற வகுப்பறையில் இருந்ததில்லை.

சிவப்பு மையின் குற்றம்

இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வெளியே சென்று சான்று தேட வேண்டுவதில்லை. என் மேசைமேலேயே இருக்கின்றது. பல ஆண்டுகளுக்கு முன் ‘மழைக்காலம்’ என்ற பொருளில் கட்டுரை எழுதுமாறு ஒரு வகுப்புக்குப் பணித்தேன். நாற்பது கொப்பிகளுள் முப்பதுக்கு மேற்பட்டவை ஒரே தொடக்கத்தை உடையன: வானம் கறுத்தது, மயில் ஆடியது, உழவர் மனம் மகிழ்ந்தது. எல்லாம் கட்டுரைக் கோவையிலே மனனஞ் செய்தவை. ஒரு மாணவன் மட்டும் வேறுவிதமாக எழுதியிருந்தான். மழைக்காலத்திலே மேசன் தொழில் செய்யுந் தன் தந்தைக்கு வேலை கிடையாதென்றும், தாயின் சங்கிலி ஆண்டுதோறும் அடைவுக்குப் போகுமென்றும், ஆதலால் தனக்கு மழை பிடிக்காதென்றும், ஆனால் பெரியப்பாவின் வயலுக்கு மழை வேண்டுமாதலின் அவ்வாறு சொல்வதும் பிழையோ என்று தெரியவில்லையென்றும் எழுதியிருந்தான்.

யான் செய்தது என்ன? ‘பொருளுக்குப் பொருத்தமில்லை’ என்று சிவப்பு மையில் எழுதிப் பாதிப் புள்ளி கொடுத்தேன். பரீட்சையில் இவ்வாறு எழுதினால் புள்ளி வராது என்ற அச்சமே என்னை அவ்வாறு செய்வித்தது. அடுத்த தவணையில் அவன் மயிலை ஆடவிட்டான். யான் உயர்ந்த புள்ளி வழங்கினேன். அவன் திருந்திவிட்டான் என்று அன்று மகிழ்ந்தேன். இன்று அதனை எண்ணும்போது நாணுகின்றேன். ஒரே நிகழ்ச்சி தன் தந்தைக்குத் தீமையும் பெரியப்பாவுக்கு நன்மையுமாய் இருப்பதை ஒரு சிறுவன் தானே கண்டு, முடிவு கூற இயலாது தயங்கி நின்றான். சிந்தனை பிறக்கும் இடம் அதுவே. அவ்விடத்திலே யான் கோடு கீறினேன்.

பெருங்கல்லூரியிலே இத்தீங்கு மிகுதியாதற்குக் காரணம் உண்டு. சிறு பாடசாலையிலே பிழைவிட்டால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. பெருங்கல்லூரி மாணவனுக்கோ காக்கவேண்டிய பெயர் உண்டு, கல்லூரிக்கும் காக்கவேண்டிய பெறுபேறு உண்டு, ஆசிரியனுக்கும் அவ்வாறே. மூவரும் பிழைக்கு அஞ்சுகின்றனர். பிழைக்கு அஞ்சுபவன் பிறர் முன்பே சொன்னதைச் சொல்வதே காவலெனக் கொள்கின்றான்.

மறுதலைச் சான்றுகள்

ஆயின், நடுவுநிலைமையோடு ஆராய்வார் மறுபக்கத்தையும் நோக்கல் வேண்டும். பெருங்கல்லூரிக் கல்வி தன்சிந்தனையைக் கொன்றேவிடும் என்பது உண்மையாயின் நம் வரலாறே நடந்திராது.

நல்லைநகர் ஆறுமுகநாவலர் (1822–1879) அவர்கள் யாழ்ப்பாணத்து வெசுலியன் மிசன் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராயும் இருந்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணை செய்தார். அங்கு கண்ட அச்சுப் புத்தகம், படிமுறையான பாடநூல், வகுப்புப் பிரிவு ஆகியவற்றின் பயனை நன்கு உணர்ந்தார். பின்னர் அங்கிருந்து விலகி 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, அக்கருவிகளையே தம் சமயத்துக்கும் மொழிக்கும் ஏவல் செய்வித்தார். கற்பித்தவரிடமிருந்து முறையைப் பெற்று முடிவைத் தாமே செய்துகொண்டார். 1877ஆம் ஆண்டளவில் பஞ்சம் வந்தபோது கஞ்சித் தொட்டி வைத்து ஏழைகளுக்கு அன்னமளித்தவரும் அவரே. எனினும் சாதி வேற்றுமை என்னும் வரம்பை அவர் கடந்திலர் என்பதையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஒரு துறையில் எவர்க்கும் அஞ்சாது சிந்தித்தவரும் வேறொரு துறையிலே தம் சூழலின் எல்லைக்குள் நிற்றல் கூடும் என்பதே அதனால் நாம் பெறும் பாடம்.

வட்டுக்கோட்டைச் செமினரியை எடுத்துக்கொள்வோம். உத்தியோக ஆசையே மாணவரிடம் மேலோங்கிச் சமயப்பணி பின்தள்ளப்பட்டது என்ற மனக்குறையோடு மிசனரிமார் அதனை 1855இல் மூடினர். அங்கு கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) அவர்கள் 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். அரசாங்க சேவையிலே உயர்ந்த பதவி வகித்துக்கொண்டே, செல்லரித்த ஏடுகளைத் தேடி வீரசோழியம், கலித்தொகை முதலிய நூல்களைப் பதிப்பித்தார். ஏடு தேடுவோர் மடத்துத் தம்பிரானிடமும் பண்டிதரிடமும் அடுக்களைப் பரணில் ஏட்டை வைத்திருந்த வீட்டாரிடமும் பணிவோடு பேசவேண்டும். கல்லூரியிற் பெற்ற ஆராய்ச்சி முறையும் ஊரிற் பெற்ற உறவுமாகிய இரண்டும் சேர்ந்தமையாலேயே அப்பணி முற்றுப்பெற்றது.

பின்னர் 1924இல் கல்லூரி மாணவரிடையே தோன்றி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசாக வளர்ந்த இயக்கத்தை நோக்குக. ஹன்டி பேரின்பநாயகம் முதலிய ஆசிரியர் அதில் முன்னின்றனர். ஆங்கிலக் கல்லூரிகளிற் பயின்ற அவ்விளைஞரே தாய்மொழிக் கல்வி வேண்டுமென்றனர். 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவேற்றனர். பாடசாலைகளிலே சமாசனமும் சமபோசனமும் வேண்டுமென்று தம் உற்றாரின் சினத்தையே எதிர்கொண்டனர். பூரண சுயராச்சியம் வழங்காத அரசியற்றிட்டமென்று 1931ஆம் ஆண்டின் சட்டசபைத் தேர்தலைப் பகிட்கரித்தனர். அப்பகிட்கரிப்புச் சரியோ பிழையோ என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அவர்கள் தாமே சிந்தித்தவர் என்பதில் ஐயமில்லை.

இவர்கள் அனைவரிடமும், முன்னர்க் குறித்த ஆனந்த குமாரசுவாமி அவர்களிடமும், பொதுவாக ஒன்று காண்கின்றோம். ஒரு கால் கல்லூரிக்குள்ளேயும் மற்றக் கால் வெளியேயும் ஊன்றியவர் இவர்கள். நாவலருக்குச் சேனாதிராச முதலியாரும் சரவணமுத்துப் புலவரும் வாய்த்தனர். தாமோதரம்பிள்ளைக்கு ஏடுகள் வாய்த்தன. வாலிபர் காங்கிரசார்க்கு நாட்டு மக்களின் கிளர்ச்சி வாய்த்தது. ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு உலகங்களை ஒருங்கே அறிந்தவனே எதனையும் ஒப்புநோக்க வல்லவன். ஒரே உலகத்தை மட்டும் அறிந்தவனுக்கு ஒப்புநோக்குதற்கு ஒன்றுமில்லை. ஆகவே குறை கல்லூரியின் உயர்விலில்லை. மற்றக் காலை ஊன்ற இடமில்லாமற் செய்துவிடும் அதன் மதிலிலே இருக்கின்றது.

மதில் இல்லாத ஓராண்டு

அம்மதில் ஒருமுறை தானே சரிந்ததை யான் கண்டேன். 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி யாழ்ப்பாணமே பெயர்ந்து நாவற்குழி வழியாகச் சென்றபோது யான் பதினைந்து வயது மாணவன். பெயர் பெற்ற கல்லூரியொன்றில் வகுப்பில் முதல்வன் என்ற எண்ணம் என்னோடு கூடவே நடந்தது. தென்மராட்சியிலே ஒரு சிறிய பாடசாலையில் மாலை நேர வகுப்புக்கள் எமக்காக நடைபெற்றன. அங்கே கட்டடத்துக்குள் இருந்தவரைவிட மாமர நிழலில் இருந்தவரே அதிகம்.

நிவாரண வரிசையில் என் குடும்பப் பெயர் விடுபட்டிருந்தது. எழுத்தரிடம் எவ்வாறு பேசுவதென்று அறியாது நின்றேன். அவ்வூர்ப் பாடசாலையில் கற்ற என் வயதுப் பையனொருவன் என்னை முன்னே தள்ளிக்கொண்டு சென்று, எவரையும் நோகாமல், எவருக்கும் தாழாமல் பேசி, அரிசியோடு என்னை வீட்டுக்கு அனுப்பினான். கிடுகு பின்னவும் அவனே கற்பித்தான். பதிலுக்கு யான் அவனுக்கு அட்சரகணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். அவன், “ஏன் அப்பிடி?” என்று கேட்ட ஒவ்வோரிடத்திலும் எனக்கு விடை தெரியவில்லை. செய்கைவழி தெரிந்திருந்தது, காரணந் தெரிந்திருக்கவில்லை. முதல்வன் என்ற எண்ணம் அம்மாமர நிழலிலே உதிர்ந்தது. கணிதம் எனக்கு விளங்கியதும் அங்கேதான்.

இடப்பெயர்வை எவரும் பாடசாலையாக வேண்டார். அதன் துயரை அறிந்தவர் அதனைப் புகழவும் மாட்டார். ஆயினும் அவ்வாண்டு எனக்குக் கற்பித்ததைப் பின்னர் ஆசிரிய கலாசாலையிலே நன்னூல் படித்தபோது அடையாளங் கண்டேன். பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்திலே கற்றல் முறையைக் கூறுமிடத்து, ஆசிரியர் சொல்வதை நன்கு கேட்டாலும் கிடைப்பது காற்பங்கே என்கின்றார். உடன் கற்போரோடு பழகி ஆராய்வதனால் இன்னொரு காற்பங்கு வரும். தான் பிறர்க்கு எடுத்துரைப்பதனால் எஞ்சிய அரைப்பங்கும் வந்து புலமை நிறையும். எனவே கல்வியின் முக்காற் பங்கு பிறரோடு பழகுவதிலேயே உள்ளது. உறவும் சிந்தனையும் இரு வேறு பொருள்களென நாம் எண்ணியிருக்க, அவர் இரண்டையும் ஒரே கணக்கில் வைத்தார். நம் வகுப்பறைகளோ முதற் காற்பங்கை முழுமையெனக் கொண்டு பூரணமாகப் புள்ளியிடுகின்றன.

செய்யத்தக்கவை

பெருங்கல்லூரிகளை மூடிவிட வேண்டும் என்பார் கூற்றுக்கு யான் உடன்படேன். நல்ல நூலகமும் ஆய்வுகூடமும் தேர்ந்த ஆசிரியரும் இல்லாத இடத்திலும் சிந்தனை வாடும். யான் முதலில் நியமனம் பெற்ற மீள்குடியேற்ற ஊரின் பாடசாலையிலே பிள்ளைகள் பழகுதற்கு இனியவர். மூத்தோர் இளையோர்க்குத் தாமே பாடஞ் சொல்லிக்கொடுப்பர். ஆயின் அவர்கள் கேட்ட வினாக்களுக்கு விடை தேட அங்கே ஒரு கலைக்களஞ்சியமும் இருக்கவில்லை. வேண்டுவது மதிலிலே வாயில்கள் திறத்தலேயாம். என் சிற்றறிவுக்கு எட்டியவற்றைப் பணிவோடு கூறுகின்றேன்.

முதலாவது, ஆசிரியர்களாகிய எமக்கு உரியது. தவணைக்கு ஒரு கட்டுரையேனும் கோவையிற் காணமுடியாத பொருளில் எழுதச் செய்து, சொல்லழகுக்கு இடும் புள்ளிக்குக் குறையாமல் சொந்த நோக்குக்கும் புள்ளியிடல் வேண்டும். மூத்த வகுப்பு மாணவர் வாரத்தில் ஒரு பாடவேளை கீழ்வகுப்புக்குக் கற்பிக்கட்டும். நன்னூலாரின் அரைப்பங்கு அவர்க்குக் கிடைக்கும்.

இரண்டாவது, கல்லூரிக்கு உரியது. விவாத அரங்கிலே மாணவன் தான் நம்பாத பக்கத்தையும் எடுத்துப் பேசப் பழகுதல் நன்று. பேசி முடிந்தபின் எதிர்க்கட்சியார் சொன்னதைத் தன் வாயாற் சரியாகத் திருப்பிச் சொல்லப் பழகுதல் அதனினும் நன்று. ஆய்வுகூடமும் நூலகமும் விடுமுறை நாட்களிலே அயற் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் திறக்கப்படட்டும். நம் மாணவரும் அவர்களும் ஒரே மேசையில் இருந்து ஒரே தவளையின் உடலை ஆராயட்டும்.

மூன்றாவது, பழைய மாணவர்களாகிய உங்களுக்கு உரியது. கட்டடத்துக்கும் மைதானத்துக்கும் நீங்கள் அனுப்பும் உதவியை நாம் நன்றியோடு நினைக்கின்றோம். அதனோடு கூட நீங்கள் நேரில் வரும்போது, பெற்ற பதவிகளைச் சொல்வதோடு நில்லாது, தோற்ற இடங்களையும் சொல்லுங்கள். அந்நிய நாட்டிலே தொழிற்சாலையிலும் கடையிலும் யாரோடு நின்று வேலை செய்தீர்கள், அவர்களிடம் எதைக் கற்றீர்கள் என்று சொல்லுங்கள். பிழைவிட்டவனும் வாழ்வான் என்று அறிந்த மாணவன் துணிந்து சிந்திப்பான்.

அன்பான மாணவர்காள், நான்காவது உங்களுக்கு உரியது. நாளொன்றுக்கு ஒருவரிடமேனும், பரீட்சையோடு தொடர்பில்லாத ஒரு வினாவைக் கேளுங்கள். விடை சொல்பவர் பேசும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

நிறைவு

சென்ற மாரி விடுமுறைக்கு முன், வீட்டிலோ அயலிலோ உள்ள மூத்தவர் ஒருவரிடம் அவர் தொழிலைப் பற்றி வினவி இரண்டு பக்கம் எழுதுமாறு ஒரு வகுப்பைப் பணித்தேன். அந்தக் கமக்காரரின் மகனும் அவ்வகுப்பிலே இருந்தான். 1990களின் தடைக்காலத்திலே நீரிறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் கிடையாதபோது, தன் தந்தை சிறுவனாகப் பழைய துலாவில் ஏறி மிதித்து வெங்காயத்துக்கு நீர் இறைத்த கதையை அவன் எழுதியிருந்தான். துலாவின் நீளத்தை முதலில் எழுதி, பின் வெட்டித் திருத்தியிருந்தான். ஏனென்று கேட்டேன். “அப்பா வாசிச்சுப் பாத்திட்டு, பிழை எண்டு சொன்னவர், சேர்” என்றான்.

ஒரு கட்டுரையால் ஒரு வீட்டின் மௌனம் முற்றும் நீங்கிவிட்டது என்று யான் கூறமாட்டேன். மகன் எழுதியதைத் தந்தை வாசித்தார்; தந்தை திருத்தியதை மகன் ஏற்றான். அவ்வளவே. ஆயினும் வாயிலிலே நின்று அவர் கேட்ட வினாவுக்கு இப்போது என்னிடம் விடையுண்டு. “அண்ணை, அது படிப்பாலையும் வாறதுதான். ஆனால் படிப்பாலையே மாற்றலாம்” என்று அடுத்த பெற்றோர் கூட்டத்திலே அவரிடம் சொல்லக் கருதியிருக்கின்றேன்.

நம் கல்லூரி இன்னும் பல விழாக்கள் காண்க. அவ்விழாக்களிலே மேடையில் இருப்போரைப் போலவே, வாயிலிலே சைக்கிளோடு நிற்போரும் இது தம் கல்லூரியென்று எண்ணி மகிழ்க.